உடல் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு இல்லையா?

கேள்வி: 2022 ஆகஸ்டில், கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போய்க்கொண்டிருந்த நாட்களில், என் தம்பி தன் நெல் வியாபாரக் கூட்டாளியுடன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனான். கூட்டாளி மட்டும் திரும்பி வந்தார். இரண்டு நாள் கழித்துத் தம்பியின் செருப்பு கரையில் கிடந்தது. இருவருக்கும் பணத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். பிரேதம் இல்லாமல் கொலை வழக்குப் போட முடியாது என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். இது சரியா? ஏழு ஆண்டு கழிந்த பிறகாவது வழக்கு நடக்குமா?
- ஒரு வாசகி, திருவையாறு வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களிடம் சொல்லப்பட்டது சட்டம் அன்று. உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பது கொலைக் குற்றத்தின் நிபந்தனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் ராமானந்த் வழக்கில் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சேவகப்பெருமாள் வழக்கில் 1991-ல் அதையே மீண்டும் உறுதி செய்தது. கொன்றவன் உடலை மறைத்துவிட்டாலே தப்பித்துவிடலாம் என்றால், கெட்டிக்காரக் கொலைகாரர்களுக்குச் சட்டமே துணை போனதாகிவிடும். ஆனால் இறப்பு நிகழ்ந்தது என்பதையும், அது இன்னாரால் நிகழ்ந்தது என்பதையும் வேறு சாட்சியங்களால் ஐயமற நிறுவியாக வேண்டும்.

நீதிமன்றங்கள் இதில் தயங்குவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கேம்டன் என்ற ஊரில் 1660-ல் வில்லியம் ஹாரிசன் என்பவர் காணாமல் போனார். அவரைக் கொன்றதாக ஒரு தாயையும் இரு மகன்களையும் தூக்கிலிட்டார்கள். 1662-ல் ஹாரிசன் உயிரோடு ஊர் திரும்பினார்.

நம் டெல்டாவில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சூழ்நிலைச் சாட்சியங்களை மட்டும் நம்பி நடக்கும் வழக்கில், குற்றவாளி என்ற முடிவைத் தவிர வேறெந்த விளக்கத்துக்கும் இடமிருக்கக் கூடாது என்பது 1984-ன் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு வகுத்த விதி. வெள்ளம் போகும் ஆற்றங்கரையில் செருப்பு கிடந்தால், கால் தவறி விழுந்திருக்கலாம், அவராகவே இறங்கியிருக்கலாம் என்ற வேறு விளக்கங்களை ஆறே தந்துவிடுகிறது. கூட்டாளி உண்மையிலேயே நிரபராதியாகவும் இருக்கக்கூடும் என்பதை உங்கள் துயரத்துக்கு நடுவிலும் நான் சொல்லத்தான் வேண்டும். கடைசியாக அவரோடு சென்றதைச் சாட்சிகள் நிறுவினால், பிறகு என்ன நடந்தது என்று விளக்கும் கடமை அவருக்கு வரும்; பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 109-வது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. எனினும் அது மட்டும் தண்டனைக்குப் போதாது. காவலரிடம் அவர் தரும் ஒப்புதலும் செல்லாது. அதில் சொன்ன இடத்திலிருந்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருள் கிடைக்கக் காரணமான பகுதி மட்டுமே சாட்சியமாகும்.

அவசரப்பட்டுக் குற்றப்பத்திரிகை போடும்படி நெருக்காதீர்கள். விசாரணை நடந்து ஒருமுறை விடுதலையாகி, மேல்முறையீட்டிலும் அது உறுதியாகிவிட்டால், நாளை உடலே கிடைத்தாலும் அதே குற்றத்துக்காக அவரை மீண்டும் விசாரிக்க முடியாது. கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை என்பதால் வழக்கு காத்திருக்கலாம், சாட்சியம் காத்திருக்காது. கைபேசி அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதே விதி; உங்கள் தம்பியின் விவரங்கள் அப்போதே பெறப்பட்டனவா என்று எழுத்து மூலம் கேளுங்கள். பணத் தகராறுக்கான கணக்கு நோட்டு, வங்கிப் பதிவு, கடைசியாகப் பார்த்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை கோப்பில் உள்ளனவா என்றும் கேளுங்கள்.

ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்ற விதி வேறு வகை. அதைக் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் இறந்ததாக விளம்புகை (நீதிமன்ற அறிவிப்பு) பெற்று, பட்டா மாற்றம், காப்பீடு போன்றவற்றை முடிக்கலாம். எப்போது, எப்படி, யாரால் இறந்தார் என்பதை அது சொல்லாது. ஆகவே கொலை வழக்குக்கு அது உதவாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. கொள்ளிடத்தில் போன உடல் திருவையாற்றிலேயே கரை ஒதுங்க வேண்டும் என்பதில்லை. அணைக்கரையைத் தாண்டிப் பழையாறு முகத்துவாரம் வரை, இரு கரையிலுமாக அரியலூர், கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அங்கே 'அடையாளம் தெரியாத ஆண் பிரேதம்' என்று பதிவாகி அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டு மனுக் கொடுங்கள். பிரேதப் பரிசோதனையில் பல்லோ எலும்போ எடுத்து வைத்திருந்தால் அதைக் கொண்டும், இல்லாவிட்டால் வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டி எடுத்தும் மரபணுச் சோதனை செய்யலாம். காவல் துறை அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தாயாரின் இரத்தம் சிறந்தது. அவர் இல்லையென்றாலும் கவலை வேண்டாம்; தாய்வழியாக மட்டுமே வரும் மரபணு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான உங்கள் இருவருக்கும் ஒன்றே. உங்கள் இரத்த மாதிரியை எடுத்துக்கொள்ளும்படி அந்த மனுவிலேயே எழுதுங்கள்.