எட்டு மணி நேரம் பின்தங்கும் கடிகாரமும் வேறு சில லினக்ஸ் கேள்விகளும்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றிக் கோலாலம்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். மின்ட், உபுண்டு இரண்டும் லினக்ஸின் வகைகள்தான். கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வது போலவே சொல்லியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், எல்லாமே சின்ன எழுத்துதான்.

"பயனர் குழுவில் 'என் லினக்ஸ் வேலை செய்யவில்லை, யாராவது உதவுங்கள்' என்று மூன்று முறை போட்டுவிட்டேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. புதியவர்களை அங்கே மதிப்பதில்லையா, சார்?" (செந்தூல்)

மனம் நொந்துதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது அலட்சியம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் அங்கே பதில் சொல்பவர்களில் பலரும் குழுவைத் திறக்கிறார்கள். உங்கள் வரியைப் படிப்பவருக்கு எந்த நூலைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "லினக்ஸ் மின்ட் 22. நேற்று இரவு அப்டேட் போட்டேன். இன்று காலையிலிருந்து ஹெட்போனில் சத்தம் இல்லை, ஸ்பீக்கரில் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தும் மாற்றமில்லை. பழைய கெர்னலில் துவக்கினால் சரியாக இருக்கிறது." அந்தக் கடைசி வரி இருக்கிறதே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கோளாறு புதிய கெர்னலோடு, அதாவது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியோடு, வந்தது என்று படித்தவுடன் தெரிந்துவிடும். பழைய கெர்னலைத் தேடி எங்கும் போக வேண்டாம். கணினி துவங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் என்ற துவக்கப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே பாருங்கள், முந்தைய கெர்னல் அங்கேயே இருக்கும்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொன்று. கேள்வியைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். பிழைச்செய்தியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். திரையில் ஆங்கிலத்தில் எப்படி வந்ததோ அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்று கணினி சொன்னதை நீங்கள் 'அனுமதி இல்லையாம்' என்று எழுதினால், அந்தச் சொற்களை வைத்துத் தேடிப் பார்க்க முடியாமல் போகிறது. சாய்ந்து எடுத்த படம் போட்டாலும் அதே கதிதான். ஒட்டுவதற்கு முன் கடவுச்சொல் எதுவும் அதில் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"புக்கிட் பிந்தாங்கில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி உபுண்டு போட்டேன். வைஃபையே தெரியவில்லை. குழுவில் மாடல் பெயரைச் சொன்னேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்." (செகாம்புட்)

ஆளுக்கு ஒன்று சொல்லத்தான் செய்வார்கள். ஒரே மாடலில் வேறு வேறு வைஃபை அட்டைகள் வருவதுண்டு. மாடலை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லுங்கள். டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு, என், என், கே என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று வரும் பகுதியின் முதல் வரிக் கடைசியில், சதுர அடைப்புக்குள் நான்கு நான்காக, முக்காற்புள்ளியால் பிரிந்த ஓர் எண் இருக்கும். இன்டெல் சிப் என்றால் அது 8086 என்று தொடங்கும். அந்தப் பகுதியை முழுதாக ஒட்டுங்கள், பேச்சு ஒரே திசைக்கு வந்துவிடும்.

பிராட்காம் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டுமே! கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டிவிடுங்கள். பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து நிறுவுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் நிற்கும். ஏதோ பழுது என்று பயந்து 'கன்டினியூ பூட்' தட்டிவிட்டால் டிரைவர் இருந்தும் பயனில்லை. அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அமைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

"விண்டோஸ், உபுண்டு இரண்டும் வைத்திருக்கிறேன், அண்ணா. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக எட்டு மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?" (செராஸ்)

பேட்டரி நன்றாக இருக்கிறது, தம்பி. அந்த 'எட்டு' தான் துப்பு. லினக்ஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் எட்டு மணி வித்தியாசம். இதுவே 1981-இல் என்றால் ஏழரை மணியாக இருந்திருக்கும். 1982 ஜனவரி 1 அன்றுதான் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியது.

உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்து, இடைவெளி, அப்புறம் செட், லோக்கல், ஆர்டிசி மூன்றையும் இடையில் சிறுகோடு போட்டுச் சேர்த்து, இடைவெளி விட்டு 1 என்று கொடுங்கள். இனி லினக்ஸும் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும். பிறகு 'டைம்டேட்சிடிஎல்' என்று மட்டும் அடித்துப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை காட்டும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில்தான் அது பெரிய தலைவலி. இங்கே அந்தப் பழக்கம் இல்லை, கவலையை விடுங்கள்.

"கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் அதே உள்நுழைவுப் பக்கத்துக்கே வருகிறது. மின்ட் பயன்படுத்துகிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள்." (கெப்போங்)

அழிக்காதீர்கள், அக்கா! போன மாதம் இதே கோளாறோடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரவு பத்தரைக்கு என்னை அழைத்தார். முப்பது வருடப் பாடக் குறிப்புகள் எல்லாம் அந்த மடிக்கணினியில். உள்நுழைவுப் பக்கத்தில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள கறுப்புத் திரை வந்தது. அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார் (கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்புதான்), உள்ளே போய்விட்டார். அடுத்து டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, ஹெச். ஒவ்வொரு வரியாக நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் தனிச் சாய்வுக்கோடு மட்டும் உள்ள வரியில் நிறுத்தினார். "100 விழுக்காடு என்று போட்டிருக்கிறது, தம்பி."

வட்டு நிரம்பிவிட்டது. உள்ளே நுழைய மின்ட் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். இடமில்லாததால் திருப்பி அனுப்புகிறது. அவருக்கு இடத்தை விழுங்கியது டைம்ஷிஃப்ட். பாதுகாப்புக்காக எடுத்துவைக்கும் நகல்கள் அதே வட்டிலேயே குவிந்திருந்தன. 'சூடோ டைம்ஷிஃப்ட்' (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு) என்று அடித்து, இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடு போட்டு லிஸ்ட் என்று கொடுத்தால் நகல்களின் பட்டியல் வரும். லிஸ்ட் இருந்த இடத்தில் டிலீட் என்று கொடுத்தால் எதை நீக்க வேண்டும் என்று கேட்கும். பழையவற்றை நீக்கினார். கூடவே 'சூடோ ஆப்ட் கிளீன்' கொடுத்து, இறக்கிவைத்த மென்பொருள் பொதிகளையும் துடைத்தோம். பன்னிரண்டுக்கு முன்பே பாடக் குறிப்புகள் திரையில் இருந்தன.

உங்களுக்கு வட்டில் இடம் தாராளமாக இருந்தால் காரணம் வேறு. அந்த டி எஃப் விவரத்தோடு குழுவில் கேளுங்கள்.

"யாரோ கொடுத்த கட்டளையை அப்படியே ஒட்டலாமா?" (பிரிக்பீல்ட்ஸ்)

சூடோ என்று தொடங்கி, உள்ளே ஆர்எம் அல்லது டிடி இருந்தால், இன்னொருவர் 'சரி' என்று சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஆர்எம் அழிக்கும், குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாது. வட்டின் மேல் நேரடியாக எழுதும் டிடி-யில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற வட்டுப் பெயர்களில் ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதில் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் வட்டு துடைபட்டுவிடும். பதில் தருபவர் நல்லவர்தான், ஆனால் உங்கள் கணினியில் எது எந்த வட்டு என்று அவருக்குத் தெரியாது.

"அப்பாவுக்கு வயது 71. முரசு அஞ்சலில் எழுதிப் பழகியவர். உபுண்டுவில் தமிழ் எப்படி எழுதுவார்?" (செந்தூல்)

முத்து நெடுமாறன் நம் நாட்டில் உருவாக்கியது முரசு அஞ்சல். அந்தத் தலைமுறையின் விரல்களில் அது ஊறிப்போயிருக்கிறது. 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதியை நிறுவி, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, தட்டச்சு, ஃபொனெட்டிக் எல்லாம் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துப் பழகியவருக்கு ஃபொனெட்டிக்தான் நெருக்கம். சில விசைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். முதல் நாள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ந, ன, ண மூன்றும் ல, ள, ழ மூன்றும் எந்த விசையில் வருகின்றன என்று பார்த்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.