லினக்ஸ் கர்னல் ஒரு செயல்முறைக் குழுவின் நினைவகத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

இங்கே குழு என்பது ‘சிகுரூப்’ (cgroup): செயல்முறைகளை, அதாவது இயங்கும் நிரல்களை, ஒன்றாகத் தொகுத்து அவற்றின் வளப் பயன்பாட்டை அளக்கவும் வரம்பிடவும் கர்னல் (இயக்குதளத்தின் மையப்பகுதி) தரும் வசதி. அத்தகைய ஒரு குழுவிலுள்ள செயல்முறைகளின் நினைவக அளவுகளைக் கூட்டினால் வரும் தொகையும், அக்குழுவின் தற்போதைய நினைவகப் பயன்பாட்டைத் தரும் ‘மெமரி.கரன்ட்’ (memory.current) கோப்பு காட்டும் எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன என்பதே காரணம்.

2008இல் வெளியான லினக்ஸ் 2.6.25 பதிப்பில் சேர்க்கப்பட்ட நினைவகக் கட்டுப்படுத்தி, செயல்முறைகளை அல்ல, நினைவகப் பக்கங்களையே (கர்னல் நினைவகத்தைப் பங்கிடும் சிறு துண்டுகளையே) எண்ணுகிறது. ஒரு பக்கத்தை எந்தக் குழுவின் செயல்முறை முதலில் தொடுகிறதோ, அக்குழுவின் கணக்கிலும் அதற்கு மேலுள்ள குழுக்கள் அனைத்தின் கணக்கிலும் அது பற்று வைக்கப்படுகிறது. ஆகவே இரு குழுக்கள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்தாலும், பொதுவாக முதலில் அதை ஏற்றிய குழுவே சுமையை ஏற்கிறது. செயல்முறைவாரிக் கூட்டலிலோ பகிர்ந்த பக்கம் ஒவ்வொரு செயல்முறைக்கும் மீண்டும் எண்ணப்பட்டுவிடும்.

அந்தக் கூட்டலில் வராதவையும் குழுக் கணக்கில் உண்டு: கோப்புகளைப் படிக்கையில் சேரும் பக்கத் தேக்ககம் (மீண்டும் விரைவாகப் படிக்க நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கோப்புப் பகுதிகள்), கர்னல் அடுக்குகள் (kernel stacks; கர்னல் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்), பிணைய இடையகங்கள் (பிணையத் தரவு தங்கும் நினைவகம்). பெரிய கோப்புகளை வாசிக்கும் குழுவின் எண் உச்சவரம்பை நெருங்குவது இதனால்தான். தேக்ககத்தின் பெரும்பகுதியைக் கர்னல் திரும்பப் பெற முடியும் என்பதால், அதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘மெமரி.ஸ்டாட்’ (memory.stat) கோப்பின் ‘அனான்’ (anon: கோப்புகளைச் சாராத நிரல் நினைவகம்), ‘ஃபைல்’ (file: கோப்புத் தேக்ககம்) வரிகளைப் பிரித்துப் பார்ப்பதே சரியான அணுகுமுறை என்பது என் உறுதியான கருத்து.

சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்பில் (cgroup v2), ஒரு செயல்முறையை வேறு குழுவுக்கு மாற்றினாலும் அது முன்பு பெற்ற பக்கங்கள் பழைய குழுவின் கணக்கிலேயே தங்கிவிடும்; எனவே நிரலை, தொடக்கத்திலேயே உரிய குழுவுக்குள் இயக்குங்கள்.