விண்டோஸ் நிறுவும்போது பாதியில் நிற்கிறது: ஹார்ட் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் பழைய மேசைக் கணினியில் பென் டிரைவ் மூலம் விண்டோஸை மறுபடி நிறுவ முயல்கிறேன். கோப்புகளை நகலெடுக்கும்போது 80070570 என்று முடியும் பிழை எண்ணுடன் நின்றுவிடுகிறது. சி டிரைவை மூன்று முறை ஃபார்மேட் செய்தும் பயனில்லை. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். டி டிரைவில் குடும்பப் புகைப்படங்கள் உள்ளன. என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து நான்காவது முறை ஃபார்மேட் செய்யாதீர்கள். அந்தப் பிழை எண்ணுக்குப் பொருள், கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை என்பதுதான். டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று அது சொல்லவில்லை. பென் டிரைவில் சுருக்கி வைத்த கோப்பைப் படித்து, ரேமில் விரித்து, கேபிள் வழியாக டிஸ்க்கில் எழுதுவதுதான் நிறுவும் வேலை என்பதால், இந்த நான்கில் எது பிசகினாலும் ஏறக்குறைய இதே செய்திதான் திரையில் வரும்.

முதல் வேலை புகைப்படங்களைக் காப்பது. வேறொரு கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான உபுண்டுவின் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, நிறுவாமலே பயன்படுத்தும் வழியில் உங்கள் கணினியை அதிலிருந்து இயக்கி, டி டிரைவை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். நடுவில் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்ற ஓசை வந்தால் உடனே கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முயற்சியும் இழப்பைக் கூட்டும்.

நகலெடுத்து முடித்த பின், அதே உபுண்டுவில் உள்ள டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவைத் திறந்து, 5, 197, 199 ஆகிய எண்களுக்குரிய வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் கெட்டுப்போன தடவைகளின் எண்ணிக்கை. அது கூடிக்கொண்டே போனால் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் கூடாமல் நின்றதா என்பதே கணக்கு. 5 என்பது பழுதாகி ஒதுக்கப்பட்டு, மாற்று இடம் தரப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை.

இந்த 197-ஐப் பார்த்ததும் டிஸ்க்கைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், செக்டாரில் உள்ள தகவலும் அதைச் சரிபார்க்கும் குறியீடும் ஒத்துப்போகாமல் நின்றுவிடுவதுண்டு. காந்தப் பரப்பு நன்றாக இருந்தாலும் டிஸ்க் அதைப் படிக்க மறுக்கும். மேலே புதிதாக எழுதினால் அது சரியாகிவிடும். நீங்கள் செய்த விரைவு ஃபார்மேட் அந்த இடங்களைத் தொடுவதே இல்லை. விண்டோஸ் நிறுவும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தி, திறக்கும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் (diskpart) என்ற டிஸ்க் கருவியை இயக்கி, சரியான டிஸ்க்கைத் தேர்ந்து, ‘கிளீன் ஆல்’ (clean all) கட்டளையைக் கொடுத்தால் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதப்படும். டி டிரைவும் அழியும் என்பதாலும், பட்டியலில் பென் டிரைவும் வெளி டிஸ்க்கும் கூட வரும் என்பதாலும், நகல் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அதன் பின் 197 பூஜ்யமாகி, 5 கூடாமல் இருந்தால் டிஸ்க்கை மேலும் பயன்படுத்தலாம். 5 ஏறிக்கொண்டே போனால் கடைக்காரர் சொன்னதே சரி.

மூன்று வரிகளும் பூஜ்யமாகவே இருந்தால் டிஸ்க்கின் மேல் சந்தேகம் குறைகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே கோப்பை மறுபடி இறக்கி, வேறு பென் டிரைவில் எழுதி, கேபினெட்டின் பின்பக்க யுஎஸ்பியில் செருகிப் பாருங்கள். அதிலும் நின்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு நிறுவிப் பாருங்கள். எதைப் போடும்போது பிழை வருகிறதோ, மாற்ற வேண்டியது அதைத்தான்.