வீட்டில் ரைட் செய்த நாடக டிவிடி: பூட்டு நிற்காது, அடையாளம் நிற்கும்

கேள்வி: திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தை இரண்டு கேமராவில் பிடித்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே டிவிடியில் ரைட் செய்து விற்கிறோம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடியப் போகும் நாடகம் என்பதால் ஒரு செட்டுக்கு நான்கு டிவிடி. மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று 12 கடைகளுக்கு 300 செட் வரை கொடுக்கிறோம். ஒரே வாரத்தில் காப்பி வந்துவிடுகிறது. மொபைல் கடைகளில் மெமரி கார்டிலும் ஏற்றித் தருகிறார்கள். காப்பி எடுக்க முடியாதபடி டிவிடியைப் பூட்ட எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?
– மேலூர் வாசகர்

பதில்: எதையும் வாங்காதீர்கள். வீட்டில் ரைட் செய்த டிவிடியில் பூட்டு நிற்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் அந்தப் பணத்தையும் உழைப்பையும் பலன் தரும் இடத்தில் போடலாம்.

சினிமா டிவிடிகளில் இருக்கும் பூட்டுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர், 1996-இல் வந்தது. படத்தின் தகவலைக் கலைத்து எழுதிவிட்டு, அதைச் சீராக்கும் சாவியை டிவிடியின் உள்வட்டத்தில், படம் தொடங்கும் இடத்துக்கும் முன்னால் வைப்பார்கள். பிளேயர் முதலில் அங்கே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டுதான் படத்துக்கு வரும். நாம் கடையில் வாங்கும் வெற்று டிவிடியில் அந்தச் சாவிப் பகுதியைத் தயாரிப்பிலேயே அடைத்துவிடுகிறார்கள். ரைட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அங்கே ஒன்றும் எழுத முடியாது. தொழிற்சாலையில் அச்சில் வார்த்து எடுக்கும் டிவிடியில்தான், உரிமக் கட்டணம் கட்டி, இந்தப் பூட்டைப் போட முடியும். அதற்கு முதலில் கண்ணாடியில் மாஸ்டர் (மூல அச்சு) எடுக்க வேண்டும். 300 செட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. போட்டாலும் பயனில்லை. அதன் சாவி வெறும் 40 பிட், 1999-இலேயே உடைத்துவிட்டார்கள்.

‘காப்பி தடுப்பு’ என்று விற்கும் சாஃப்ட்வேர்கள் செய்வது வேறு. டிவிடிக்குள் இல்லாத ஃபைல்களை இருப்பதாகக் காட்டும். 4 ஜிபி டிவிடி கம்ப்யூட்டரில் 40 ஜிபி என்று தெரியும். அல்லது படிக்க முடியாத செக்டார்களை (தகவல் எழுதும் சிறு கட்டங்களை) நடுநடுவே தூவும். முழு டிவிடியையும் அப்படியே ஐஎஸ்ஓ ஃபைலாக இழுப்பவரை முதல் வித்தை தடுக்காது. இரண்டாவது வித்தையில் அடிபடுவது உங்கள் வாடிக்கையாளர்தான். லென்ஸ் மங்கிப்போன பழைய பிளேயர் அந்த இடத்தில் திணறி நின்றுவிடும். “டிவிடி சரியில்லை” என்று செட் திரும்பி வரும். பாஸ்வேர்டு போட்டால் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும், டிவியோடு இணைத்த பிளேயரில் ஓடவே ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலே, படம் திரையில் தெரிந்துதானே ஆக வேண்டும்? பிளேயரின் வயரை டிவிக்குப் பதிலாக, ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் ஒரு கேப்சர் கார்டில் செருகினால் எந்தத் தடுப்பும் அதோடு முடிந்தது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தக் காப்பி எந்தக் கடைக்குப் போன செட்டிலிருந்து எடுத்தது?’ என்பதுதான். அதற்கு விடை சொல்லும் ஏற்பாட்டை உங்களிடம் இருக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேரிலேயே செய்துவிடலாம்.

தர்க்கம், அதாவது பாத்திரங்கள் மேடையில் வாதிடும் பகுதி, வரும் டிவிடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் காப்பி எடுக்காவிட்டாலும் தர்க்கத்தை எடுப்பார்கள். மற்ற மூன்றும் எல்லாக் கடைக்கும் பொதுவாக இருக்கட்டும். கடைக்குக் கடை மாற்றி ரெண்டர் செய்ய வேண்டியது இந்த ஒன்றைத்தான். அதில் பேச்சோ பாட்டோ இல்லாத ஆறு இடைவெளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம்: உள்ளது உள்ளபடி இருப்பது ‘அ’, 12 ஃபிரேம் வெட்டியது ‘ஆ’. நம் டிவிடியில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதால் 12 ஃபிரேம் 0.48 விநாடி. பார்ப்பவருக்குத் தெரியாது, அளந்தால் தெரியும். ஆறு இடம், இடத்துக்கு இரண்டு வடிவம் என்றால் 64 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் ‘ஆ’ இரட்டைப்படையில் வருபவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஓர் இடத்தைத் தவறாக அளந்துவிட்டால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகி, பிழை உடனே தெரிந்துவிடும். தவறான கடைக்காரர் மேல் பழி விழாது. அப்படிக் கிடைப்பவை 32. ‘ஆ’ ஒன்றுகூட இல்லாத சேர்க்கை உங்கள் மாஸ்டருக்கு (மூலப் பிரதிக்கு). மீதி 31-இலிருந்து கடைக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

வெட்டும் இடத்தில் கவனம் வேண்டும். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி முடித்ததற்கும், ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்குக் கட்டையில் விரல் வைப்பதற்கும் நடுவே ஒரு சின்ன மௌனம் இருக்கும். அதுபோன்ற இடம்தான் சரி. மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் தாளம் தப்பும். நாடகம் பார்த்தே வளர்ந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முனையிலேயே வெட்டுங்கள், படம் குதிப்பது தெரியாது. படத்தையும் ஒலியையும் சேர்த்தே வெட்ட வேண்டும். படத்தை மட்டும் வெட்டினால் அங்கிருந்து கடைசி வரை உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வெட்டிய முனையில் ஒலியை இரண்டு ஃபிரேம் அளவுக்கு ஒன்றோடொன்று கரைய விடுங்கள். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் இரைச்சல் அறுந்து ‘டப்’ என்று கேட்கும்.

படிக்கும் முறை இது. சந்தேகமான காப்பியை டைம்லைனில் போட்டு, பாட்டின் கடைசிச் சொல்லிலிருந்து ஆர்மோனியத்தின் முதல் சுரம் வரை அளந்து பாருங்கள். மாஸ்டரில் அது 9.20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். காப்பியில் 8.72 இருந்தால் ‘ஆ’. மொத்த நீளத்தை அளப்பதில் பயனில்லை, முன்னும் பின்னும் நறுக்கியிருப்பார்கள். யூடியூபில் ஏற்றுபவர்கள் பிடிபடாமலிருக்க வேகத்தைச் சற்றுக் கூட்டுவதுண்டு. 4 சதவீதம் கூட்டினால் ‘அ’ 8.85 ஆகிவிடும், ‘ஆ’ போலவே தோன்றும். அதனால் பக்கத்தில் நீங்கள் கை வைக்காத ஒரு 20 விநாடித் துண்டையும் அளந்து கொள்ளுங்கள். அது 19.23 என்று காட்டினால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஐஎஸ்ஓவாக எடுத்தாலும், மெமரி கார்டுக்காகச் சுருக்கினாலும், டிவி திரையை மொபைலில் பிடித்தாலும் இந்த அடையாளம் அழியாது.

கண்ணுக்குத் தெரியும் லோகோவும் வேண்டும். அது இருக்கும் இடம் முக்கியம். மேல்மூலையில் வைத்த லோகோ வீண். 4:3 படத்தை அகலத் திரைக்கு நறுக்கும்போது 576 வரிகளில் மேலே 72, கீழே 72 போய்விடும், லோகோவும் கூடவே போகும். மேலிருந்து 150-ஆவது வரி வாக்கில், நடிகரின் முகத்தை மறைக்காமல், 15 முதல் 20 சதவீத அழுத்தத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுவதானால் கவரில் ஒட்டுங்கள். டிவிடியின் மேல் ஒட்டினால் சமநிலை கெட்டுச் சுழலும்போது ஆடும்.

அடுத்தது கவர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, வீடியோவைத் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, உரிய அனுமதி பெற்ற உறுதிமொழி ஆகியவை படத்திலும் கவரிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 68ஏ பிரிவில் நீங்களே குற்றவாளி ஆவீர்கள். அந்த நிலையில் புகார் கொடுக்கப் போக முடியாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பக்கவாத்தியக்காரர்கள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நிகழ்த்துபவருக்கும் இந்தச் சட்டத்தில் தனி உரிமை உண்டு. விழாக் கமிட்டியிடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

எது உங்களுடையது என்பதிலும் தெளிவு வேண்டும். வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் எழுதிய நாடகம் இன்று எல்லாருக்கும் பொது. உங்களுக்கு உரியது இந்தப் பதிவு மட்டுமே. அதே இரவில் பந்தலில் உட்கார்ந்து வேறொருவர் தன் மொபைலில் பிடித்திருந்தால் அது உங்கள் டிவிடியின் காப்பி ஆகாது. இரண்டையும் பிரித்துக் காட்டவும் அந்த 12 ஃபிரேம் வெட்டு உதவும். பபூன் – டான்ஸ் பகுதியில் வரும் சினிமாப் பாட்டுகள் வேறொருவர் சொத்து. உரிமம் வாங்காமல் அவற்றை விற்றால் நீங்களும் காப்பி எடுப்பவர்தான். அந்தப் பகுதியை எடுத்துவிட்டே விற்பது நல்லது.

அனுமதியில்லாமல் காப்பி எடுத்து விற்றால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 64-ஆம் பிரிவுப்படி சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவர்களும் வாரண்ட் இல்லாமலே காப்பிகளைப் பறிமுதல் செய்யலாம். 63-ஆம் பிரிவுக் குற்றம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது என்று உச்ச நீதிமன்றமும் 2022-இல் சொல்லிவிட்டது. புகாருக்குப் போகும்போது சாட்சியோடு வாங்கிய காப்பி, இரண்டு கேமராக்களின் வெட்டாத பதிவு, சம்மதக் கடிதங்கள், எந்தக் கடைக்கு எந்தச் சேர்க்கை என்று தேதியோடு எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. காப்பியில் ஒரு கடையின் சேர்க்கை தெரிந்தால், அந்தக் கடைக்குப் போன செட்டிலிருந்து அது வந்தது என்பது மட்டுமே உறுதி. எடுத்தவர் கடைக்காரரா, அங்கே வாங்கிப் போனவரா என்பதை அது சொல்லாது. அதனால் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். 12 கடைக்கும் இரண்டாவது சப்ளையில் புதுச் சேர்க்கை கொடுங்கள். இரண்டுக்குமாக 24 செலவாகும். இரண்டாவது தடவையும் அதே கடையின் சேர்க்கையே வந்தால் அங்கே சப்ளையை நிறுத்திவிடலாம். மீதி ஏழு சேர்க்கைகளை, நடிகர்களுக்கும் கமிட்டிக்கும் இலவசமாகக் கொடுக்கும் செட்டுகளுக்கு ஒதுக்குங்கள். அவற்றுக்கும் கட்டாயம் தனி அடையாளம் வேண்டும்.