சாஃப்ரோல் எண்ணெய்: கேட்டவர்களுக்குப் பதில்

தடய அறிவியல் ஆய்வகத்தில் போதைப்பொருள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். சாஃப்ரோல் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். காய்ச்சும் முறை கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

கேள்வி: சாஃப்ரோல் போதைப்பொருளா சார்?

இல்லை. சில மரங்களின் வேரிலும் பட்டையிலும் ஊறும் வாசனை எண்ணெயில் இருக்கும் பொருள் அது. ஆனால் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை செய்கிறவர்களுக்கு அது ஒரு முக்கிய மூலப்பொருள். அதனால் போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஐ.நா. உடன்படிக்கையின் முதல் அட்டவணையில், இன்னொரு போதைப்பொருளுக்கு மூலப்பொருளான எபிட்ரின் இருக்கும் அதே வரிசையில், இதுவும் இருக்கிறது. முழுத் தடை போட முடியாது, ஏனென்றால் வாசனைத் திரவியத் தொழிலுக்கும் பூச்சிமருந்துத் தொழிலுக்கும் இது தேவை. எனவே யார் வாங்கினார்கள், எவ்வளவு, எங்கே போகிறது என்று கண்காணிக்கிறார்கள்.

கேள்வி: ஜாதிக்காயிலும் இருக்குன்னு படிச்சேன். அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி எறியணுமா?

வேண்டாம்மா. ஜாதிக்காயிலும் மிளகிலும் இருப்பது துளியூண்டு. சட்டம் பார்ப்பது எண்ணெயைத்தான், சமையல் மசாலாவை இல்லை.

கேள்வி: கம்போடியாவில் என்ன நடந்தது?

ஏலக்காய் மலைகள் என்றே பெயர், நம் ஊரில் இல்லை, கம்போடியாவின் தென்மேற்கில். அங்கே 'ம்ரேயா ப்ரூ ப்னோம்' என்று உள்ளூரில் சொல்லும் மரத்தை வேரோடு தோண்டி, வேரைச் சிதைத்து, அண்டாக்களில் நாள்கணக்கில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுத்தார்கள், அடுப்பெரிக்க அக்கம்பக்கத்து மரங்களையும் வெட்டினார்கள், கழிவு ஓடையில் இறங்கி மீன்கள் செத்தன. 2008 ஜூனில் அப்படி எடுத்த 33 டன் எண்ணெயை, ஆஸ்திரேலியக் காவல்துறையின் உதவியோடு பூர்சாட் மாகாணத்தில் எரித்தார்கள். 24 கோடிக்கும் மேல் மாத்திரை ஆகியிருக்கும் என்பது ஆஸ்திரேலியர்கள் போட்ட கணக்கு. எனக்கு அந்த எண்ணைவிட மரம்தான் மனதில் நிற்கிறது. வேரைத் தோண்டினால் மரம் திரும்ப வராது.

கேள்வி: எண்ணெய் மரத்திலிருந்து வந்ததா, ஆலையில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மரத்து எண்ணெயில் சாஃப்ரோல் தனியாக வராது, துணைக்கு வேறு வாசனைப் பொருள்களும் சிறிதளவு வரும். கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் ஓட்டினால் ஒவ்வொன்றும் வரைபடத்தில் தனித்தனிக் கோபுரமாக எழும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அது எது என்று சொல்லும். அப்புறம் கார்பன் ஐசோடோப் விகிதம், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனும் பெட்ரோலிய வழி வந்த கார்பனும் அதில் வேறுபடும். மாத்திரையாக மாறிய பிறகு இது கடினம், நடுவில் சேர்த்த மற்ற ரசாயனங்களின் கார்பனும் கலந்துவிடுகிறது.

கேள்வி: எண்ணெயை எரித்ததும் எக்ஸ்டசி நின்றதா?

கொஞ்ச காலம் தட்டுப்பாடு. 2009 வாக்கில் ஐரோப்பாவில் எக்ஸ்டசி என்று விற்ற பல மாத்திரைகளில் எக்ஸ்டசியின் உண்மையான போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வே இல்லை, வேறு ரசாயனத்தைப் போட்டார்கள், அதைத் தெரியாமல் விழுங்கினவர்கள் இருக்கிறார்கள். பிறகு மரமே தேவைப்படாத இன்னொரு மூலப்பொருள், பி.எம்.கே. கிளைசிடேட் என்ற ரசாயனம், வந்தது. அதை அட்டவணையில் சேர்க்க 2019 ஆகிவிட்டது. புதுப் பொருளை ஆய்வகம் முதலில் அடையாளம் காண வேண்டும், அப்புறம்தான் சட்டம் அதைத் தொட முடியும், அதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

கேள்வி: வேர் வெட்டிய கூலிக்காரரைப் பிடிப்பது நியாயமா?

அவருக்குக் கிடைத்தது நாள்கூலி. சரி, குற்றம் குற்றம்தான். ஆனாலும் எண்ணெய்க்குப் பணம் கொடுத்து எல்லை தாண்டிக் கொண்டுபோனவரை விட்டுவிட்டு இவரை மட்டும் பிடித்தால், அடுத்த மலையில் அடுத்த அண்டா கொதிக்கும்.