கடைக்காரர்களுக்கான ஆன்லைன் கூட்டம்: கேள்வி பதில்

வடசென்னையில் தொழில் செய்பவர்கள் ஆன்லைன் கூட்டம் நடத்துவது பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

துணி மொத்த வியாபாரி, பழைய வண்ணாரப்பேட்டை: அண்ணா, புதுச் சரக்கை வெளியூர்க் கடைக்காரர்களுக்கு ஜூமில் காட்டினோம். பத்து நிமிடத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். ஏன்?

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வரவேற்புரை, கடை வரலாறு, நிறுவனர் படம் என்று போயிருக்கும். திண்டுக்கல்லில் கல்லாவில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் பார்ப்பவருக்கு எதிரே வாடிக்கையாளர் காத்து நிற்கிறார். அவருக்குச் சரக்குதான் வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே துணியைக் கையில் எடுங்கள். கேமராவுக்கு அருகே கசக்கி, உதறி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நெசவின் நெருக்கம் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் துணியின் நிறமும் தப்பாகத்தான் தெரியும். ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுங்கள். நிறம் மாறி வந்த சரக்கு திரும்பி வந்தால் லாரி வாடகை யார் தலையில்?

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவரின் விரலுக்கு வேலை கொடுங்கள். “உங்கள் ஊரில் எது ஓடும், ஒன்றா இரண்டா?” என்று கேளுங்கள். சாட்டில் பதில் விழுந்ததும் ஊர்ப்பெயரைச் சொல்லிப் படியுங்கள். விலையைக் கடைசிவரை ஒளித்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏற்றுமதி ஆவண அலுவலகம், ராயபுரம்: தம்பி, வாசலில் கன்டெய்னர் லாரி ஓசை. நல்ல கேமரா வாங்கலாமா?

கேமரா இருக்கட்டும் ஐயா, மைக் வாங்குங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவாக இல்லையென்றால் வெளியேறிவிடுவார்கள். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மைக் வாய்க்கு நெருங்க நெருங்க லாரி ஓசை பின்னுக்குப் போகும். ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனிக் கணினியில் சேர்ந்தால், ஒன்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலிதான். ஆடி மாதத்தில் தெருவிலேயே அம்மன் கோயில் ஒலிபெருக்கி என்றால் எந்த மைக்கும் உதவாது. தேதியை மாற்றுங்கள்.

வரி ஆலோசகர், பெரம்பூர்: ஜி.எஸ்.டி. வகுப்புக்கு இலவச ஜூம் போதுமா?

100 பேர், 40 நிமிடம் என்பது அதன் வரம்பு. போதும். 25 நிமிடம் பேசிவிட்டு மிச்சத்தைக் கேள்விக்கு விடுங்கள். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி 3பி என்ற ஜி.எஸ்.டி. படிவத்தின் கெடு. அதை ஒட்டி வகுப்பு வைத்தால் உங்களுக்கே வர நேரம் இருக்காது.

தையல் பயிற்சியாளர், கொடுங்கையூர்: திரையைப் பகிர்ந்தபோது என் வாட்ஸ்அப் செய்திகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன!

முழுத் திரையையும் பகிராதீர்கள் அம்மா. கணினித் திரையில் எது தெரிய வேண்டுமோ அந்த விண்டோவை மட்டும் பகிருங்கள்.

உதிரிபாக விற்பனையாளர், திருவொற்றியூர்: நடுவில் கரண்ட் போனால்?

ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். கைப்பேசி இணையமும் தயாராக இருக்கட்டும். வேறு இடத்திலிருந்து உங்கள் ஆள் ஒருவர் ஸ்லைடுகளின் பிரதியோடு கூட்டத்தில் இருந்தால், நீங்கள் திரும்பி வரும்வரை அவர் சமாளிப்பார்.

மசாலாத் தயாரிப்பாளர், தண்டையார்பேட்டை: அண்ணா, எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கச் சொன்னாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கேமராவைப் போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பாதிப்பேர் சமையலறையில் இருப்பார்கள். தெரிந்தவர் ஒருவரை மட்டும் முகம் காட்டச் சொல்லி, அவரைப் பார்த்துப் பேசுங்கள். முதல் கேள்வியையும் அவரே கேட்கட்டும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பந்தியில் முதலில் உட்கார யாராவது வேண்டும் அல்லவா?

முடிந்ததும் முழுப் பதிவை அனுப்பாதீர்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. பொடியின் நிறமும் பொட்டல அளவும் தெரியும் 2 நிமிடத் துண்டையும் விலைப்பட்டியலையும் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாட்டில் கால் கிலோ பொட்டலம் கேட்டவருக்குக் கால் கிலோ விலை மேலே இருக்கட்டும்.