அப்பாவின் பாட்டுகளை எந்தப் பெயரில் அடுக்குவது?

கேள்வி: அப்பா மல்லாவியில் ஒலிபெருக்கி சேவை நடத்தியவர். கசெற்றிலிருந்து மாற்றியது, சீடியிலிருந்து எடுத்தது, இன்ரநெற்றில் இறக்கியது என்று ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு வைத்திருக்கிறார். ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். பாதிக்கு 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்றுதான் பெயர். மீதியில் வெப்சைட் பெயர் ஒட்டியிருக்கிறது. அதை அழித்துப் புதுப் பெயர் போட்டாலும் போனில் பழைய பெயரே வருகிறது. இனி நான்தான் தொழிலைச் செய்யப் போகிறேன். பெயரைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்திலா? போல்டரைப் பாடகர் பெயரில் போடுவதா, படப் பெயரிலா? கிளிநொச்சியில் ஒரு கடையில், சொப்ட்வெயர் போட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள், தம்பி.

அந்தச் சொப்ட்வெயர் ஒன்றும் மந்திரம் இல்லை. பாட்டின் ஒலியையோ நீளத்தையோ இன்ரநெற்றில் உள்ள ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துகிற பெயரை எடுத்து ஒட்டும். வெள்ளைக்காரர்களின் அல்பங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். பழைய தமிழ்ப் படப் பாட்டுக்கு அரைகுறை. உங்கள் அப்பா கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரியோ எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதை 'அறியப்படாத கலைஞர்' என்ற ஒரே போல்டருக்குள் கொட்டிவிடும், இல்லையென்றால் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற வேறொரு பாட்டின் பெயரைச் சூட்டிவிடும். 'ட்ராக் 01' என்று கிடந்தால், பெயர் தெரியவில்லை என்றாவது உங்களுக்குத் தெரியும். பிழையான பெயர் ஒட்டிய பாட்டு போனது போனதுதான்.

கடைக்காரர் சொல்லாத மற்றொன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்க் உள்ளே போனால் ஒரு பிரதி அங்கே தங்கும். பிறகு அதே பாட்டுகளை '5000 ஹிட்ஸ்' என்று பென்டிரைவில் விற்பார்கள். அல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போடுகிற பழக்கமும் இந்தத் தொழிலில் இருக்கிறது. கூடவே, 'தரத்தை 320க்கு ஏற்றித் தருகிறோம்' என்று இன்னொரு தூண்டில். ஒரு விநாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் இடம் என்பதுதான் இந்த எண். 128இல் சுருக்கிய பாட்டை 320ஆக மாற்றினால் பைல் இரண்டரை மடங்கு பெருக்கும். சத்தத்தில் போனது திரும்பி வராது. வீதியோரத்தில் மலிவாக விற்கிற 1 டிபி பென்டிரைவையும் தொடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபிதான். அதற்கு மேல் ஏற்றுகிற பாட்டுகள் ஏறியதுபோலக் காட்டும், திறக்கும்போது இருக்காது.

சரி, இனி வேலைக்கு வருவோம். பெயர் மாற்றத் தொடங்கும் முன் முழு ஹார்ட் டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். அப்பாவின் டிஸ்க்கை அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். இனி அதில் ஒரு பெயரையும் மாற்றக்கூடாது. வேலை முழுக்கப் பிரதியில்தான்.

தமிழா ஆங்கில எழுத்தா என்றால், தமிழ்தான். 'அம்பிளிபையரில் தமிழ் தெரியாதே' என்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுத நம்மிடம் ஒரே முறை கிடையாது. ழகரத்துக்கு அப்பா இரண்டு எழுத்துப் போட்டிருப்பார், இன்ரநெற்றில் ஏற்றியவன் ஒன்று போட்டிருப்பான், நீங்கள் இன்னொன்று போடுவீர்கள். ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரே பாட்டு மூன்று பெயரில் மூன்று இடத்தில் கிடக்கும்; பொம்பிளை மாப்பிள்ளை மணவறைக்கு வரும் நேரத்தில் எதைத் தேடுவீர்கள்?

போல்டரைப் பாடகர் பெயரில் போட்டால் சோடிப் பாட்டு எந்தப் பக்கம் போகும்? இசையமைப்பாளர் பெயரில் போடுவது ரசிகர்களுக்குச் சரி, உங்கள் தொழிலுக்குச் சரிவராது. மேடைக்கு ஓடிவந்து பாட்டுக் கேட்கிறவர்கள் படத்தின் பெயரைச் சொல்வார்கள், இல்லையென்றால் முதலடியைப் பாடிக் காட்டுவார்கள். ஆகவே சினிமாப் பாட்டுக்குப் போல்டர் படத்தின் பெயரில், பைல் முதலடியில். பைல் பெயரின் முன்னால் இரண்டு இலக்க எண், முதலடிக்குப் பின் ஒரு சிறு கோடு, அப்புறம் பாடகர். இவ்வளவு போதும். எண்ணை 1 என்று தொடங்காமல் 01 என்று தொடங்குங்கள். மலிவான பிளேயர்கள் 1க்கு அடுத்து 10, 11 என்று போய்விட்டுத்தான் 2க்கு வரும்.

படப் பெயருக்குப் பின்னால் ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவதைத் தவற விடாதீர்கள். பில்லா என்று 1980இலும் ஒரு படம், 2007இலும் ஒரு படம். முதலாவதற்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன், இரண்டாவதற்கு யுவன் சங்கர் ராஜா. 'மை நேம் இஸ் பில்லா' இரண்டிலும் இருக்கிறது. ஆண்டு இல்லாவிட்டால் ஒரே போல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு பாட்டு வந்து, கொம்பியூட்டர் 'மேலெழுதவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று தட்டுவீர்கள். 1980ஆம் ஆண்டுப் பாட்டு போய்விடும்.

படம் இல்லாத பாட்டுகளுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். பக்திப் பாட்டைப் பிள்ளையார், முருகன், அம்மன், மாதா என்று பிரியுங்கள். பொப் பாட்டைப் பாடகர் பெயரில் வையுங்கள். மேலே ஒரு போல்டர், அதற்குள் ஒரு போல்டர்; மூன்றாவது அடுக்குக்குப் போகாதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கைக் குறிக்கும் C, D போன்ற எழுத்திலிருந்து பைல் பெயரின் கடைசிவரை மொத்தம் 260 குறிகள்தான் வழக்கமான எல்லை. தமிழில் 'கோ' என்பதே இரண்டு குறி. நீளமான முதலடியும் நான்கு அடுக்குப் போல்டரும் சேர்ந்தால், பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றுவிடும்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் இவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது. முதலடி கேள்வியாக இருந்தால் குறியை விட்டுவிடுங்கள். இன்னொன்று, நம் ஆட்களின் முதலெழுத்து. 'எஸ்.பி.பி.' என்று கடைசியில் புள்ளியோடு போனில் போல்டர் செய்தால், விண்டோஸில் அதைத் திறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற நிலை வரலாம். கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள்.

இப்போது சௌந்தரராஜன். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், பாட்டுச் சேகரிப்பில் தேடிக் கிடைக்காமல் போகிறதில் பெரும்பகுதி இங்கேதான். 'சௌ' என்று எழுதும்போது பின்னால் வருவது ஔகாரத்தின் வால். பார்க்க 'ள' மாதிரியே இருக்கும், ஆனால் அது ளகரம் அல்ல. பழைய எழுத்துருக்களில் 'செ' தட்டி 'ள' தட்டித்தான் பழகினோம். அந்தக் கைப்பழக்கம் இன்றும் போகவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கொம்பியூட்டருக்கு இரண்டு வேறு பெயர். ஒரு வகையாகத் தட்டித் தேடினால் மற்ற வகையில் உள்ள டி.எம்.எஸ். பாட்டு ஒன்றும் வராது. கௌரி, மௌனம், பௌர்ணமி, ஔவை எல்லாவற்றிலும் இதே சிக்கல்.

'அப்படியானால் எல்லா இடத்திலும் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று' என்று ஒரேயடியாகக் கட்டளை கொடுக்காதீர்கள். வெள்ளி, தெளிவு, வெளியே எல்லாவற்றிலும் உண்மையான ளகரம்தான் இருக்கிறது. அவையும் சேர்ந்து மாறிவிடும். இன்ரநெற்றில் பத்திரிகைச் செய்திகளிலேயே வெள்ளிக்கிழமை ஔகாரத்தோடு கிடப்பதைக் கவனித்துப் பாருங்கள், இதே கோளாறுதான். ஒவ்வொரு சொல்லாக மாற்ற வேண்டும். முதலில் 'செளந்த' என்பதைத் தேடி 'சௌந்த' ஆக்குங்கள், பிறகு 'கெளரி', பிறகு 'மெளன' என்று போங்கள். 'கெள' என்று மட்டும் கொடுத்தால் கெளுத்தி மீனும் மாட்டும். ஒரு மாலை நேரத்து வேலை. அதற்குப் பிறகு தேடினால் வரும்.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் கொம்பியூட்டரில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருந்தால், அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைபோலத் தெரியும். அழித்துவிடாதீர்கள், அது தமிழ்தான். பாமினியிலிருந்து, இன்று பொதுவாகப் பயன்படும் எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் பக்கங்கள் இன்ரநெற்றில் இலவசமாக இருக்கின்றன. பெயரைப் பிரதி எடுத்து அதில் போட்டால் வாசிக்கலாம்.

போனில் பழைய பெயர் வருவதற்குக் காரணம், போன் பைலின் பெயரைப் பார்ப்பதில்லை. பாட்டுக்குள்ளேயே 'டேக்' என்று ஒரு துண்டு இருக்கிறது. பாட்டின் தலைப்பு, பாடகர், அல்பம் எல்லாம் அதில்தான். வெப்சைட்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டுவதும் அங்கேதான், விளம்பரப் படமும் அங்கேதான். எம்பி3டேக் என்று விண்டோஸுக்கு இலவசமான ஒரு சொப்ட்வெயர் இருக்கிறது. பைல் பெயரை ஒழுங்காக வைத்த பிறகு, அந்தப் பெயரையே டேக்குக்குள் எழுதும் வசதி அதில் உண்டு. ஒரு போல்டரைத் தெரிவு செய்து செய்தால் சில விநாடி. கடைக்காரர் ஒரு நாள் வேலை என்று காசு கேட்பது பெரும்பாலும் இதற்குத்தான்.

அப்பாவே பதிந்தவற்றை மட்டும் தனிப் போல்டராக வையுங்கள். முள்ளியவளைக் கோவலன் கூத்தோ, வற்றாப்பளைப் பொங்கலோ, அரிவு வெட்டுப் பாட்டோ இருந்தால், அதற்குப் படமும் இல்லை, அல்பமும் இல்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதி, அப்புறம் ஊர், அப்புறம் என்ன நிகழ்ச்சி, யார். திகதியில் சாய்கோடு வேண்டாம், சிறு கோடு போடுங்கள். ஆண்டு முன்னால் வந்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கும். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள், வெறுமையாக விடுங்கள். கசெற் மட்டையில் உள்ள ஆண்டையும் அப்படியே நம்பாதீர்கள். அது பிரதி எடுத்த ஆண்டாக இருக்கலாம். தவில் தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானவர். மட்டையில் 1982 என்று இருந்தால் அது அவர் வாசித்த ஆண்டு அல்ல. அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். 2009 போரில் வீடுகளோடு போன பதிவுகளுக்கு இனிப் பிரதி கிடையாது. மிஞ்சியதில் யார் வாசித்தது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இனி அம்பிளிபையர். யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அம்பிளிபையருக்குள் பென்டிரைவை வாசிக்கிற யூஎஸ்பி போர்டுகள் பலவற்றில் இன்றும் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. செய்கிறவனுக்கு அக்கறை இல்லை, கொண்டுவருகிறவனுக்கு அக்கறை இல்லை, வாங்குகிற நாமும் கேட்பதில்லை. அதற்காக உங்கள் சேகரிப்பையே ஆங்கில எழுத்துக்கு மாற்றி நாசமாக்க வேண்டாம். வெளியே கொண்டுபோக ஒரு தனிப் பென்டிரைவ் செய்யுங்கள். அதில் பைல் பெயர் வெறும் எண்: 0001, 0002 என்று. எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்ற பட்டியலை எம்பி3டேக்கிலிருந்தே வெளியே எடுக்கலாம். அச்செடுத்து அம்பிளிபையர் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள்.

பென்டிரைவ் 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் எக்ஸ்பேட் (exFAT) என்ற பைல் அமைப்பில் வரும். பல அம்பிளிபையர்களுக்கு அது வாசிக்கத் தெரியாது. பேட்32 (FAT32) என்ற பழைய அமைப்பில் போர்மட் செய்து, பாட்டுகளை ஒரே தடவையில் ஏற்றுங்கள். மலிவான போர்டுகள் பெயர் வரிசையில் பாடுவதில்லை, ஏற்றிய வரிசையில்தான் பாடும். எல்லாவற்றையும் தெரிவு செய்து இழுக்கும்போது 0001ஐப் பிடித்து இழுங்கள். நடுவில் உள்ள ஒன்றைப் பிடித்தால் அதுதான் முதலில் ஏறும், உங்கள் பட்டியல் முழுக்கப் பிசகும். புதுப் பாட்டு வந்தால் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கொடுங்கள்; நடுவில் செருகினால் பட்டியல் முழுவதையும் திரும்ப அச்செடுக்க வேண்டி வரும்.